ஏழாம் நம்பர் எண்ணெய்

அந்த வருடம் எனக்குக் கிடைத்த பெரிய பொழுதுபோக்கு, அப்பாவின் ஆய்வுகூடத்தில் கிருமிகள் சாவதைப் பார்ப்பதுதான். கண்டியில் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டுமே இருந்தோம். தன் தகப்பனாரின் செத்தவீட்டுக்கென்று அம்மா, தம்பியையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போயிருந்தார். அவர் போய் ஒரு கிழமைக்குள் சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, அவர் வரும்வரை சத்தம் போடாமல் இருக்கவேண்டும். யன்னலோரம் நின்று தமிழில் பாடக்கூடாது என்பது தனிச் சட்டம். பேச ஆளில்லாமல் சுவர்ப் பல்லியோடு பேசிப்பார்த்தேன். அதற்கு எந்தப் பாஷையும் பிடிக்கவில்லை.

அப்பா செடிகளிலிருந்து எண்ணெய் எடுப்பவர். கறுவாப்பட்டை மரத்து இலை, துளசி, எலுமிச்சம்புல் என்று எதையாவது நீராவியில் அவித்து, வடிந்த தண்ணீரிலிருந்து பிரியும் வாசனை எண்ணெயைத் துளித்துளியாகச் சேர்ப்பார். ஒரு சாக்கு இலைக்கு ஒரு சின்னப் போத்தல் நிறைந்துவிட்டால் அன்றைக்கு அவர் நடையே வேறு. அந்த எண்ணெயை லெஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியின்மேல் விட்டுப் பார்ப்பார். வடக்கே காட்டில் படுத்தெழும்பும் சிப்பாய்களை மணல் ஈ கடிக்கும்போது இது தோலுக்குள் புகுந்துவிடும். நோவில்லாத, ஆனால் மாதக்கணக்கில் ஆறாத புண் வரும். அம்மாவை எங்களிடமிருந்து பிரித்துவைத்த சண்டையில் நின்றவர்களின் புண்ணுக்குத்தான் அப்பா மருந்து தேடிக்கொண்டிருந்தார். இதில் ஏதும் வேடிக்கை இருப்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொன்றும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடித்திரியும். ஏழாம் நம்பர் எண்ணெய் விட்டதைப் பார்த்தபோது ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் செத்துப்போச்சா என்று கத்தினேன்.

"ஓம். ஆனா கண்ணாடியில சாகிறது பெரிய காரியமில்லைப் பிள்ளை. ஆளின்ரை தோலுக்கு ஒண்டும் செய்யாமல் சாகவேணும். அதுக்கு இன்னும் கனகாலம் கிடக்கு."

முதல் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை ஒருத்தி செவ்வரத்தை வேலிக்குள்ளால் நுழைந்து என்னோடு விளையாட வருவாள். என் சிங்களம் அரைகுறை. அவளுக்குத் தமிழில் 'வா', 'போ' மட்டும்தான் தெரியும். விளையாட அது போதுமாக இருந்தது. எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள். அவள் வராத பின்னேரங்கள் முடியவே முடியாது.

ஒருநாள் இராணுவத்திலிருந்த அவளுடைய அண்ணன் லீவில் வந்தான். முழங்கைக்குக் கீழே ஆறாத புண். அதற்குப் பிறகு அவள் அவனைவிட்டு அசையவில்லை. நான் வேலியடியில் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். ஏன் வருவதில்லை என்று கேட்டபோது, அண்ணனின் புண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான் என்று அழுதாள். புண் ஆறினால் அவள் திரும்பவும் எனக்குக் கிடைப்பாள் என்று முடிவுகட்டினேன்.

ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டி பழுதாகியிருந்ததால், அப்பா போத்தல்களை எங்கள் வீட்டு பிரிட்ஜில் சம்பல் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எதிலும் பெயரில்லை, நம்பர் மட்டும். ஏழாம் நம்பரை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டினேன். பஞ்சில் நனைத்துப் புண்ணில் வைத்துக் கட்டச் சொன்னேன். பெரிய டாக்டர் மாதிரி, நிறைய விடு என்றும் சொன்னேன். தங்கச்சியின் ஆசையைக் கெடுக்க மனமில்லாமல் அண்ணனும் கையை நீட்டியிருக்கிறான்.

மறுநாள் பின்னேரம் அவன் எங்கள் கேற்றடியில் வந்து நின்றான். கை வீங்கி, புண்ணைச் சுற்றித் தோல் கொப்பளித்திருந்தது. மற்றக் கையில் போத்தல். இது என்னவென்று அப்பாவைக் கேட்டான். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயோ எடுத்தனீ?"

தலையாட்டினேன். கறுவா எண்ணெயை அப்படியே பூசினால் தோலை எரித்துவிடும், பிள்ளைக்கு அது தெரியாது என்று அப்பா அவனிடம் சிங்களத்தில் சொன்னார். கைகூப்பி மன்னிப்பும் கேட்டார். அதற்கு முன் அவர் யாரையும் கும்பிட்டு நான் கண்டதில்லை. நாளைக்கு இராணுவ ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றான் அவன். போத்தலைத் திருப்பித் தராமலே போய்விட்டான்.

அப்பா உடனே ஒரு சாரம், ஒரு சேர்ட், பல்லுத் தீட்டும் பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் கதவடியில் வைத்தார். ஒரு தமிழன் வீட்டுப் பெயரில்லாத போத்தலால் ஒரு சிப்பாயின் கை வெந்திருக்கிறது. அவரைப் பிடித்துக்கொண்டுபோக அந்த நாட்களில் அதற்குமேல் எதுவும் தேவையில்லை. பிறகு, அக்குறணையில் கடை வைத்திருந்த தன் சிநேகிதரின் பெயரையும், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்பதையும் என்னைப் பாடமாக்கச் செய்தார். மூன்று தரம் ஒப்புவித்தேன்.

எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. யாழ்ப்பாணம் போகும் றோட்டில்தான் அக்குறணை இருக்கிறது என்று வகுப்பு வரைபடத்தில் பார்த்திருந்தேன். அம்மாவிடம் போகப்போகிறோம்! பையைத் திறந்து பார்த்தால் என் உடுப்பு ஒன்றுமே இல்லை. அப்பாவின் மறதிதானே என்று என் மஞ்சள் சட்டையை மடித்துச் சாரத்துக்குள் செருகிவைத்தேன்.

அப்பா கேற்றைப் பார்த்தபடியே சாப்பிட்டார். வாசலில் வாகனம் ஏதும் வேகம் குறைந்தால் எழும்பி நிற்பார். நானும் கூடவே ஆசையாக எழும்பி நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். கிட்ட வரவில்லை. சுடுதண்ணி கொட்டிவிட்டது என்று அண்ணன் ஆஸ்பத்திரியில் சொன்னானாம், போத்தலை உடைத்துப் புதைத்துவிட்டானாம், இதை என் அப்பாவிடம் சொல்லச் சொன்னானாம். இனி எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று தன் அம்மா சொல்லிவிட்டாள் என்றும் சொன்னாள். எனக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் செய்தி. அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு என் மருந்தைச் சுடுதண்ணி ஆக்கிவிட்டான் என்ற ரோசம் வேறு. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு நாள் கழித்துத்தான், சாப்பிடும்போது அடக்கமாட்டாமல் முறையிட்டேன்.

"அந்த அண்ணா பொய் சொல்லிப்போட்டார் அப்பா. சுடுதண்ணி கொட்டினதெண்டு ஆஸ்பத்திரியில சொன்னவராம்."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "உனக்கு ஆர் சொன்னது?"

சொன்னேன்.

"எப்ப சொன்னவள்?"

"நேற்றில்லை, அதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை."

அவர் என்னை ஏசவில்லை. கைகூடக் கழுவாமல் எழுந்துபோய்ப் பையைத் தூக்கிவந்து மேசையில் கவிழ்த்தார். சாரத்துக்குள்ளிருந்து என் மஞ்சள் சட்டை விழுந்தது.

"இதை ஏன் வைச்சனீ?"

"அம்மாட்டப் போறதுக்கு."

அப்பா கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். பயணம் இல்லை என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நானும் அழுதேன். இரண்டு பேரும் அம்மாவை நினைத்துத்தான் அழுகிறோம் என்று நம்பி, பாதை திறந்ததும் போகலாம் என்று அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன்.