வீட்டுக்குப் போகிற வேலை

வேலை முடிந்து குரோம்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கியபோது பினாயில் வாசனை அடித்தது. ஐந்தாம் வகுப்புவரை நான் தங்கிப் படித்த தாம்பரம் விடுதியின் ஈரத் தரை நினைவில் வந்து காலில் சில்லிட்டது.

விடுதி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அன்று வருடத்துக்கு இருமுறைதான் வீடு. ஞாயிறுதோறும், பெரியவனாகி என்ன ஆவோம் என்று வார்டனிடம் சொன்னால்தான் தட்டில் உப்புமா விழும். டாக்டர், கலெக்டர் என்று வரிசை நகர, நான் கூச்சத்தில் கடைசியில் ஒளிவேன்.

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். "சாயங்காலமானா வூட்டுக்குப் போற வேலை, சார்."

"இன்னாடா, அதெல்லாம் ஒரு வேலையா?" என்று முன்னால் நின்றவன் சிரித்தான். வார்டன் சிரிக்காமல் உப்புமா வைத்தார்.

இப்போது மறைமலை நகரில் நாளெல்லாம் பெட்டி அடுக்குகிறேன். தெருமுனை திரும்பியதும் நெஞ்சு லேசாகிறது. கதவைத் தட்டுவதற்குள், செருப்புச் சத்தத்திலேயே மகள் உள்ளே சொல்லிவிடுகிறாள்: "அம்மா, அப்பா வந்துட்டாரு."