ஜங்ஷனில் கிடைத்த அக்கா

திருச்சி ஜங்ஷன் வாசலில் பூ விற்பவர் அவர். பெரிய குங்குமப் பொட்டு, தோளில் ஈரத்துண்டு. ஸ்ரீரங்கம் போக ஆட்டோக்காரர் ஐந்நூறு கேட்டதும், கால் வலியோடு வந்த அம்மாவைப் பிடித்தபடி திகைத்து நின்றேன்.

“ஏம்ப்பா, என் தம்பிகிட்டயே ஐந்நூறு கேக்குறியா?” என்றார் அவர். நான் அவரை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் பாதிக்கு ஒப்புக்கொண்டார்.

காவிரிப் பாலத்தில் மனசு கேட்கவில்லை. “அவங்க என் அக்கா இல்லீங்க” என்றேன்.

“தெரியும் சார். நேத்து இந்தி பேசுற ஒருத்தரையும் தம்பின்னுச்சு.”

“அப்புறம் ஏன் குறைச்சீங்க?”

“என்னையும் தம்பின்னுதானே கூப்பிடுது!”

ஊர் திரும்பும் நாளில் அவரிடம், “போயிட்டு வரேங்க்கா” என்றேன். என் முகம் அவருக்கு நினைவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும், “பாத்துப் போ தம்பி” என்றார்.