பாக்கிப் பாடங்களைத் தைத்து வைத்த ஜுபைதா ஆன்ட்டி

திங்கட்கிழமை கைப்பேசியில் ‘ஜுபைதா ஆன்ட்டி’ என்று பெயர் வந்ததும் வழக்கம்போலக் குரலை மாற்றிக்கொண்டேன். “வணக்கம், தேர்வுத் துறையிலேர்ந்து பேசறோம். உங்க ஹால் டிக்கெட்டுல வயசு பதினேழுன்னு போட்டிருக்கு. உண்மையா மேடம்?” எப்போதும் சிரிப்பு வரும். அன்று ஓர் ஆண் குரல் வந்தது. “நான் அவங்க பையன் பேசறேன். அம்மா காலையில மவுத்தாயிட்டாங்க. நெஞ்சுவலி.” நான் “சரிங்க சார்” என்றேன். இறப்புச் செய்திக்கு யாராவது சரி என்பார்களா? ஏன் சொன்னேன் என்று இன்னமும் புரியவில்லை.

அடையாற்றில் நம் நூலகத்தின் படிப்பறைக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அபிராமபுரத்தில் பிளவுஸ் தைக்கும் கடையை மதியம் பூட்டிவிட்டு ஜன்னலோர மேசைக்கு வந்துவிடுவார். நூலகத்துக்கு நிஜமான நூலோடு வந்த ஒரே ஆள். பத்தாவதோடு கல்யாணம், ஐம்பது தாண்டிய பிறகு பிளஸ் டூ தனித்தேர்வர். “பாதி தெச்ச துணிய மடிச்சு வெச்சா எனக்குத் தூக்கம் வராது” என்பார். நான் பள்ளியில் எழுதிக் கோட்டைவிட்ட கேஸ். இந்த முறையும் போனால் கல்லூரிக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே தேர்வு, ஒரே புத்தகங்கள்.

அட்டவணை போடுவதில் நான் முதல் மாணவி, படிப்பதில் கடைசி. ஒரு பாடம் விட்டுப்போனால் அதை முடிக்காமல் அடுத்ததைத் தொட மாட்டேன். அதற்குள் இன்னும் நாலு சேர்ந்துவிடும். பிறகு புத்தகத்தைப் பார்த்தாலே பயம். ஒருநாள் ஆன்ட்டி என் பொருளியல் புத்தகத்தைப் பிடுங்கி, விட்டுப்போன பாடங்களின் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரத்தில் வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாகப் போட ஆரம்பித்தார்.

“ஐயோ ஆன்ட்டி, அது புக்கு, பாவாடை இல்ல!”

“சும்மா இருடி. பண்டிகை நேரத்துல பழைய ஆர்டரையே புட்ச்சிக்கினு உக்காந்தா இன்னிக்கு வந்ததும் பழசாயிடும். இன்னிக்குத் துணிய இன்னிக்கு முடி. பாக்கியெல்லாம் ஞாயித்துக்கெழம. அதுக்குள்ள இந்த நூலத் தொட்ட, வெரலையும் சேத்துத் தெச்சிடுவேன்.”

ஞாயிறுதோறும் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து அவரே நூலை வெட்டுவார். அவருடைய புத்தகத்திலும் தையல் இருந்தது, என்னுடையதைவிட அதிகமாகவே. பொருளியல் அவருக்கு ஏறவே இல்லை. விலைவாசி ஏன் ஏறுகிறது என்று கேட்டால், “லைனிங் துணிக்காரன் ஏத்திட்டான், வேற இன்னா?” என்பார். நான் சிரித்தால், “நீ சொல்லேன் பாப்போம்” என்பார். எனக்கும் தெரியாது.

அன்று அவர் வீட்டில் இருந்த பெண்கள், “நீ யாரும்மா?” என்றார்கள். “கிளாஸ்மேட்” என்றேன். கிண்டல் என்று நினைத்து ஒருவர் முறைத்தார். வேறு என்ன உறவு சொல்வது? மகன் மட்டும் என்னை வாசலுக்கு அழைத்துவந்து மெதுவாகக் கேட்டார்.

“பரீட்ச எழுதியிருந்தா அம்மா பாஸாயிருப்பாங்களா?”

“அக்கவுன்ட்ஸ்ல கண்டிப்பா. எகனாமிக்ஸ்ல... டவுட்டுதாங்க.”

அவர் சிரித்தார். சிரித்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? நாள் முழுக்கத் தாராளமாகப் புளுகும் வாய் அன்றைக்குப் பார்த்து ஏன் உண்மையைச் சொன்னது?

அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. இன்று, வியாழக்கிழமை, மறுபடி அந்த மேசைக்கு வந்தேன். இடையில் விட்ட பாடங்களை நானே தைத்துப் பார்த்தேன், கோணல்மாணலாக வந்தது. பிறகு இன்றைய பாடமான தேசிய வருமானத்தை எடுத்துப் படித்தேன். பாதி புரிந்தது. ஆன்ட்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஏனென்றும் தெரியவில்லை. அதுவும் பாக்கிதான். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.