படகுப் பெட்டிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு

சில வாரங்களாக இந்த விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, வேறு எதையாவது இந்தப் பத்திக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் கேஸ் சிலிண்டரைப் பற்றிப் புலம்பியதுகூட அப்படித்தான். தப்பித்துக்கொள்ள.

இன்று எழுதிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நடு ஏரி. படகில் என் கொழுந்தன் ஏழுமலையின் கையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. அவன் காலடியிலேயே முதலுதவிப் பெட்டி. நானே பார்த்துப் பார்த்து வாங்கி நிரப்பிய பெட்டி. ஆனால் திறக்க முடியவில்லை.

ஏன்? நான் அதைப் பூட்டி வைத்திருந்தேன்.

திருவண்ணாமலையில் ஏது படகு என்று கேட்பீர்கள். அடி அண்ணாமலையைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஏரி. நல்ல மழை பெய்து அது நிரம்பியதும், என் கணவரும் அவருடைய சித்தப்பா மகன் ஏழுமலையும் சேர்ந்து மீன் குத்தகை எடுத்தார்கள். கூடவே ஒரு சின்ன ஃபைபர் படகும் வந்து சேர்ந்தது. ஏழுமலையும் அவன் மனைவி தேவகியும் வலையைப் பார்த்துக்கொள்வார்கள். டவுனில் குடியிருக்கும் நாங்கள் ஞாயிறானால் போய் நிற்போம். முதலாளி மாதிரி.

படகில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. அதனால் நானே ஒன்றை எடுத்துக்கொண்டேன் — முதலுதவிப் பெட்டி.

தேரடி வீதி மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டேன்.

"வீட்டுக்காங்க, வண்டிக்காங்க?"

"போட்டுக்கு."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம ஊர்ல போட்டா? சரிங்க… அப்ப இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பாவா வாங்கிக்குங்க. தண்ணி உள்ள பூராது. டக்குனு திறக்கலாம்."

கேட்டேனா? பிளாஸ்டிக் டப்பா பார்க்க நன்றாக இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகம் வைக்கும் அலுமினியப் பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே பாலிதீன் விரித்தேன். பஞ்சு, கட்டுத் துணி, டிஞ்சர், தீக்காயக் களிம்பு, கத்தரிக்கோல், தலைவலித் தைலம், ஒரு பெரிய பிளாஸ்திரிச் சுருள். ஒவ்வொன்றுக்கும் தனி உறை. மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் பெருசாக ஒரு கூட்டல் குறி. பார்க்க அத்தனை அழகு!

பராமரிப்பிலும் குறை வைக்கவில்லை. ஏரிக் காற்றில் பஞ்சு நமுத்துவிடும், பிளாஸ்திரியில் பசை போய்விடும், டிஞ்சர் மூடி துருப்பிடிக்கும். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து மாற்றுவேன்.

அப்படிப் பார்த்த ஒரு நாளில் பிளாஸ்திரிச் சுருளைக் காணோம். தைலத்தையும் காணோம்.

படகு யார் கையில் இருக்கிறது? ஏழுமலை கையில். மனசு ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அசிங்கம் என்று நினைத்தேனாம்! கேட்காமல் சந்தேகப்படுவது மட்டும் கௌரவமா?

புதுச் சுருளும் புதுத் தைலமும் வாங்கி வைத்தேன். கூடவே குட்டியாக ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவி என் கைப்பையில். ஏழுமலை பூட்டைப் பார்த்தான். வலையை எடுத்து உதறப் போய்விட்டான்.

அந்த ஞாயிறு கணவர் கரையிலேயே நின்றுவிட்டார்; படகில் நாங்கள் மூன்று பேர்தான். வலை தண்ணீருக்குள் ஒரு கருவேலங்கட்டையில் மாட்டிக்கொண்டது. ஏழுமலை குனிந்து, கத்தியால் சிக்கை அறுத்துக்கொண்டிருந்தான். படகு ஒரு ஆட்டம் ஆடியது. கத்தி வழுக்கி இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல… ஒண்ணுமில்ல" என்றான். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் சிவந்தது.

தேவகி ஒரே எட்டில் அவனிடம் போய்க் கையைப் பிடித்தாள். "அக்கா, பொட்டி! பொட்டிய திறங்க!"

கைப்பை கரையில் இருந்தது. மொபெட்டில், சீட்டுக்கு அடியில்.

"சாவி… கரையில இருக்குது தேவகி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் திராணி இல்லை. அவன் தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கினாள். மீன் கவுச்சியும் சேறுமாக ஊறிப்போன துண்டு. வேறு என்ன இருக்கிறது? அதையே சுற்றிக் காயத்தை அழுத்திப் பிடித்தாள். துண்டு நனைந்துகொண்டே வந்தது. ஒரு கையால் அழுத்தியபடி, மறு கையால் மீன் கூடை மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த கல்லை எடுத்துப் பூட்டின்மேல் ஓங்கினாள்.

அப்போது ஏழுமலை சொன்னான்:

"வுடு தேவகி. அண்ணி பொட்டி கெட்டுப்பூடும்."

ரத்தம் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் அவன் கவலை என் பெட்டியைப் பற்றி!

தேவகி கல்லைக் கீழே போட்டாள். "போட்ல கீற மருந்துப் பொட்டிக்கு எதுக்குக்கா பூட்டு?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா?

"தண்ணி உள்ள போயிடக் கூடாதுனுதான்…"

துடுப்புப் போட நான்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பு இளைக்கட்டும் என்று சும்மா போட்டுப் பார்ப்பேனே தவிர, கரை வரைக்கும் துடுப்பு வலித்ததில்லை. எதிர்க்காற்று வேறு. கணவரின் புது செல்போனுக்கு ஏரிப் பக்கம் சிக்னலே கிடையாது. சிக்னல் இருந்திருந்தாலும் என்ன பயன், அவர் கரையில், நாங்கள் தண்ணீரில்.

துடுப்பைக் கெட்டியாகப் பிடித்தபோதுதான் கையில் ஏதோ மெத்தென்று பட்டது. குனிந்து பார்த்தேன். நான் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் மட்டும் கைப்பிடியைச் சுற்றிப் பட்டையாகப் பிளாஸ்திரி. அழுக்கேறிக் கறுத்திருந்தது. எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன்… ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

என் பார்வையைத் தேவகி கவனித்துவிட்டாள். "மரத்துல சிலாம்பு நீட்டிக்கினு இருந்துச்சுக்கா. ஒங்க கைல குத்தும்னு அவருதான் சுத்தி வச்சாரு."

காணாமல் போன சுருள்.

அதற்கப்புறம் நான் துடுப்புப் போட்டதெல்லாம் எனக்கு நினைவில்லை. கரை வந்ததும் கணவர் ஓடிவந்தார். சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் வெள்ளை வெளேரென்று, உறை பிரிக்காமல், கடையில் வைத்த மாதிரி இருந்தது. கரையில் நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "அட, இவ்ளோ மருந்து இருந்துச்சா!" என்றார் ஒருவர். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

இப்போது துண்டை அவிழ்த்தால் மறுபடி ரத்தம் கொட்டும் என்று தேவகி விடவில்லை; அப்படியே ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட்டார்கள், டி.டி. ஊசி போட்டார்கள். கட்டியிருந்த துண்டைப் பிரித்த டாக்டரம்மாவுக்குக் கோபம்.

"இந்த அழுக்குத் துணியையா கட்டுவீங்க? போட்ல ஒரு ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் வச்சுக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் ஏழுமலை சொன்னான்: "கீதுங்கம்மா. எங்க அண்ணி வாங்கி வச்சிருக்காங்க. அவசரத்துல நாங்கதான் எடுக்கல."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. படித்தவள், பத்தி எழுதுகிறவள், வாராவாரம் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள்… சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் புலம்பினேன். பிளாஸ்திரி போனது புரிந்துவிட்டது, தைலம் எங்கே போனது என்று மட்டும் தெரியவில்லை என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"தைலமா… அது அன்னிக்கு வெயில்ல எனக்குத் தலவலின்னு எடுத்துக்கினு வந்துட்டேன். அலமாரியிலதான் இருக்குது. ஏன்?"



பயந்தபடியே ஏழுமலையின் கை சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி. விரல் பிழைக்குமா என்றுகூட ஒரு கட்டத்தில் பேச்சு வந்தது. நல்லவேளை, மெல்ல ஆறியது. விரல் தப்பியது. வலை பிடிக்கிற பலம்தான் இன்னும் முழுசாக வரவில்லை.

காய்ச்சல் விட்டபிறகு ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஆப்பிளும் பிரெட்டும்! குற்ற உணர்ச்சிக்கு நமக்குத் தெரிந்த மருந்து அவ்வளவுதான். தேவகி டீ வைத்தாள். தம்ளரை என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏழுமலை… தண்ணி பூரக் கூடாதுன்னு நான் பூட்டல."

"தெரியும் அண்ணி."

"எப்பிடி?"

அவன் சிரித்தான். "பூட்டு போட்டா தண்ணி நின்னுடுமா?"

"அப்புறம் ஏன் ஆஸ்பத்திரில அப்பிடிச் சொன்ன?"

"அத்தினி பேர் எதிர்ல ஒங்கள வுட்டுக் குடுக்கறதா? வுடுங்க அண்ணி. பிளாஸ்திரி எடுத்தத நானும் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டு வாங்கிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவன் எனக்குத் தரவில்லை.

இப்போது பெட்டி மாறிவிட்டது. மெடிக்கல் ஷாப்காரர் சொன்ன அதே பிளாஸ்டிக் டப்பா. ஒற்றைக் கையால் திறக்கலாம். படகு ஆடினாலும் நகராதபடி பலகைக்கு அடியில் கட்டியிருக்கிறேன். நீங்கள் படகுக்கு வாங்கினாலும், காருக்கு வாங்கினாலும், அழகைப் பார்க்காதீர்கள். பதற்றத்தில் நடுங்குகிற கைக்குத் திறக்க வருமா என்று மட்டும் பாருங்கள்.

போன ஞாயிறு எல்லோரும் மறுபடி ஏரிக்குப் போனோம். தேவகி படகில் ஏறும்போது இடுப்பில் ஒரு பாலிதீன் பை. உள்ளே பஞ்சு, துணி, பிளாஸ்திரி. அவளே வாங்கியது.

"டப்பாதான் இருக்குதே தேவகி… இப்ப பூட்டெல்லாம் இல்ல."

"இருக்கட்டும்க்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. பையை அவிழ்த்து, ஏழுமலை உட்காரும் பலகையில் கட்டினாள். ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு.

ஆக, இரண்டு முதலுதவிப் பெட்டியோடு ஓடுகிற படகு எங்களுடையது மட்டும்தான்… வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.