பொட்டு வைத்த ரகசிய சுவிட்ச்

எழுபதுகளில் என் கணவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். திருடன் கிளப்பிக்கொண்டு போகாமலிருக்க டேஷ்போர்டுக்கு அடியில் ரகசிய சுவிட்ச் ஒன்று வைத்துக்கொண்டார். என்னிடம்கூட மூச்சு விடவில்லை. அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவரே அதைத் தொட்டது கிடையாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கார் கிளம்பவில்லை. மயிலாப்பூர் மாட வீதி வரை தெருவே கூடித் தள்ளிப்போய்த் திரும்பியும் பிரயோஜனமில்லை. வடபழனியிலிருந்து வந்த மெக்கானிக், "இன்னா சார், கரண்டே வர்ல" என்று ப்ளக்குகளைக் கழற்றி வாசலில் பரப்பினார். இவரோ காபி ஆறிப்போச்சு என்று என்மேல் பாய்ந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"நேத்து அரிவாள்மணைலேர்ந்து கார் வரைக்கும் பொட்டு வச்சேன். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு குட்டிக் குமிழ் டக்குன்னுது. அதைப் பாருங்கோ" என்றேன்.

இவர் குனிந்து பார்த்தார். சுவிட்சின் நுனியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. அதை இவர் தட்டிவிட, மெக்கானிக் ப்ளக்குகளை மாட்டியதும் கார் முதல் திருகிலேயே உறுமியது.

"திருடனுக்கு அடையாளம் வச்சுக் கொடுத்திருக்கியே!" என்று கத்தினார்.

"பெண்டாட்டியையும் திருடன் கணக்குல சேர்த்து மறைச்சேளே, அதுக்குத்தான்" என்றேன்.