ஈஸ்டருக்கு மறுநாள் நிமிர்ந்த செடிகள்

கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்குத் தேர்வானவர்களை முதல் நாள் ஒரு குளிரூட்டிய அரங்கில் உட்காரவைத்து விளக்கம் சொன்னார்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை. கடைசி வாரம் ஒவ்வொருவரும் ஒரு தேர்வுக் குழுவின் முன் நின்று செய்ததைப் பேச வேண்டும். அந்தக் குழு சிலரை மட்டும் முனைவர் பட்ட நேர்முகத்துக்கு அழைக்கும். முதுநிலையைத் தனியாகப் படிக்காமல் நேராக ஆய்வில் சேரும் வழி அது. இது போட்டி இல்லை, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மட்டும்தான் என்று விளக்கம் சொன்ன பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, அது போட்டிதான் என்று அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் இளநிலை அப்போதுதான் முடித்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. ஜூலை முதல் திங்கள்கிழமை சேர வேண்டும். எங்கள் வீடு கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். தென்னையும் கொஞ்சம் நெல்லும் உள்ள குடும்பம். பயிற்சிக்குக் கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட வந்த அப்பா சொன்னது இவ்வளவுதான்:

"கூப்புட்டாங்கன்னா படி கண்ணு. கூப்புடலீன்னா கம்பெனிக்குப் போயிரு. ரெண்டுங்கெட்டானா மட்டும் ஊட்ல உக்காந்துக்கக் கூடாது."

"செரீங்ப்பா" என்றேன். அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மற்றவர்களுக்குக் கணினியில் செய்கிற வேலைகள் கிடைத்தன. எனக்கு ஏலக்காய் கிடைத்தது. ஆனைக்கரையில் ஓர் ஏலத்தோட்டத்தின் மூலையில் எங்கள் ஆய்வகம் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தது. ஆறு ஏலச்செடிகளுக்கு வழக்கம்போலத் தண்ணீர். வேறு ஆறு செடிகளுக்குத் தண்ணீர் கிடையாது. மழை விழாதபடி மேலே பிளாஸ்டிக் கூரை. பக்கத்து ஈரம் வராதபடி சுற்றிலும் வெட்டிய சின்னச் சால். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று வாரமாக அந்த ஆறும் காய்ந்துகொண்டிருந்தன. முழுசாகத் துவளும்வரை விட்டு, எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. மண்ணின் ஈரத்தைச் சொல்லும் உணரிகளைச் செய்து பதிப்பதும் அளவுகளை எடுப்பதும் என் பொறுப்பு.

ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை. விடிந்ததும் சரிவில் ஏறுவது, இலைகளில் கருவியை மாட்டி அளப்பது, உணரியின் பேட்டரியைப் பார்ப்பது, மண் எடுத்துப் பையில் போட்டு எடைபார்ப்பது, மத்தியானம் அதையே மறுபடி செய்வது, சாயங்காலம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது. வேலை கடினம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவதே இல்லை. தங்கியிருந்த அறையில் தலையணையில் தலை வைத்தால் இலைகள்தான் தெரியும். பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் மற்றவர்கள் வண்ண வண்ணமான வரைபடங்களைப் போடுவார்கள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கிப்போவேன்.

அந்த மூலைக்கு மேலே தோட்டத்துப் பெண்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் என் பிளாஸ்டிக் கூரைக்கு அருகில்தான் உட்காருவார்கள். அவர்களில் மூத்த ஓர் அக்காவுக்கு நான் பேசுவதே பொழுதுபோக்கு.

"ஏ புள்ள, பேட்டரி தீந்துட்டா?"

"இல்லீங்க்கா, இன்னும் இருக்குதுங்க."

"இருக்குதுங்க! கேட்டியாட்டி? பேட்டரிக்கும் மரியாத குடுக்கா" என்று பக்கத்தில் இருந்தவளைத் தட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் அது இன்னும் நீளும்.

செடிகளைக் காயப்போடுவது மட்டும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இலைகள் சுருண்டு, அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தன. தண்ணீர் இல்லாமல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறோம் என்று விளக்கினேன்.

"அப்ப ஒனக்குச் சோறு போடாம எவ்ளோ தாங்குவன்னு ஒங்க சாரைப் பாக்கச் சொல்லு."

"இதுதானுங்க்கா என்ர பரீட்சை. இது ஒழுங்கா முடிஞ்சாத்தான் மேல படிக்கக் கூப்புடுவாங்க. யாரும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தீரக் கூடாதுங்க."

பரீட்சை என்றதும் அவர்கள் முகம் மாறியது. அக்காவின் மகள் நர்ஸிங் படிக்கிறாள். பரீட்சை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "ஒரு சொட்டு ஊத்த மாட்டோம். நீ பயப்படாத" என்றார். அதற்குப் பிறகு அவர்களே காவல் காத்தார்கள். ஹோஸ் பிடிக்கிறவர் தெரியாமல் அந்தப் பக்கம் வந்தபோது அக்கா போட்ட சத்தம் கீழே ரோடுவரை கேட்டது.

ஈஸ்டருக்குத் தோட்டம் லீவு. உணரிகள் தாமாகவே பதிவுசெய்யும் என்பதால் எனக்கும் வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. ஆனைக்கரையிலிருந்து கோவிந்தாபுரம் வருவதற்கு, குமுளியில் கேரளத்தை விட்டு இறங்கி, தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். வீட்டில் இருந்தது ஒரு பகல். அதில் பாதி தூங்கினேன். அம்மா கோயம்புத்தூர் வேலைக்குப் போட்டுக்கொள்ள என்று நான்கு சுடிதார் தைத்து வைத்திருந்தார். போட்டுப்பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் சரிவில் ஏறினேன். பெண்கள் எனக்காகக் காத்திருந்தது தூரத்திலேயே தெரிந்தது.

"வா வா! வந்து பாரு ஒன் பரீட்சைய!"

ஆறு செடிகளும் நிமிர்ந்திருந்தன. சுருண்ட இலைகள் விரிந்திருந்தன. அடியில் மண் கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. தொட்டுப்பார்க்கத் தேவையில்லை, இருந்தாலும் தொட்டுப்பார்த்தேன்.

"அக்கா, தண்ணி ஊத்துனீங்களா?"

அக்காவுக்கு உண்மையிலேயே வருத்தம் வந்துவிட்டது. "தண்ணியா? நாங்க எதுக்குத் தண்ணி ஊத்துதோம்? நீதான் ஊத்தக் கூடாதுன்னியே. தீர்த்தம்லா ஊத்துனோம்."

ஈஸ்டர் இரவுப் பூசையில் மந்திரிக்கும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது அவர்கள் வழக்கம். வீட்டில் தெளிப்பார்கள், மாட்டின் மேல் தெளிப்பார்கள், நோயில் கிடப்பவர்களுக்கு ஒரு வாய் கொடுப்பார்கள். இந்த முறை என் பரீட்சைக்கும் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், வேலை மெனக்கெட்டு இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறார்கள்.

"ஒரு பாட்டில் தீர்த்தமாங்க்கா இது? மண்ணு இத்தனை நனைஞ்சிருக்குது?"

"ஒரு பாட்டில் ஆறு செடிக்குக் காணுமா? டிரம்முல தண்ணி பிடிச்சு அதுல கலந்தோம். கலந்துட்டா அம்புட்டும் தீர்த்தந்தான்."

"எந்திரிச்சிட்டு, பாத்தியா?" என்றாள் இன்னொருத்தி. "இனி நீ பாஸ்."

கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. அவர்கள் எனக்குக் கொடுத்த வாக்கை மீறவும் இல்லை. சாக்கை மடித்துப்போட்டுச் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருத்தி டீ ஊற்றிக் கொடுத்தாள். நான் சந்தோஷத்தில் பேச்சு வராமல் இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மனதுக்குள் வரிசை போட்டேன். மறுபடி காயப்போட்டால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். கோடைமழை தொடங்கிவிட்டால் கூரை போட்டாலும் காற்றில் ஈரம் இருக்கும், மண் காயாது. செடிகளும் பழைய செடிகள் அல்ல. பேசுவதற்கு என்னிடம் இருப்பது பாதியில் நின்ற ஒரு சோதனை.

ஆய்வக சாருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மலையாளமும் தமிழும் கலந்து, "குழப்பமில்ல, பரவாயில்ல" என்றார். சோதனையின் கடைசியில் எப்படியும் தண்ணீர் விட்டு, செடி எப்படி மீள்கிறது என்று பார்த்திருப்போம். அது முன்பே நடந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் உணரி மண்ணின் ஈரத்தைத்தான் சொல்லும்; ஒவ்வொரு செடிக்கும் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரியாவிட்டால் அந்த மீட்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. "அதைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். அவர் குரலும் என் குரலைப் போலவே களைத்திருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அளவுக் குவளையோடு போய், ஞாயிற்றுக்கிழமை ஊற்றியபடியே ஒருமுறை வெறும் டிரம்மில் ஊற்றிக் காட்டச் சொன்னேன். இரண்டு பேர் தூக்குச்சட்டி கொண்டுவந்தார்கள். ஒருத்தி பெயிண்ட் வாளி.

"நீ எங்க வாளில ஊத்துன? மேல நின்னு போட்டோல்லா எடுத்த."

"எடுத்துட்டு வந்து ஊத்தலியா? மூணாவது செடி யாரு ஊத்துனா, ஒங்க மாமியாரா?"

"மூணாவது செடிக்கு நான் ஜெபம் சொல்லிச் சொல்லி ஊத்துனேன். அதான் அது நல்லா வந்திருக்கு" என்றார் மூத்த அக்கா.

"எவ்வளவு ஊத்துனீங்க்கா?" என்றேன்.

"ஜெபம் முடியிற வர."

அவர் மறுபடி ஜெபம் சொல்லி ஊற்றினார். நான் அளந்தேன். இன்னொரு முறை கேட்டேன். ஜெபம் அதே நீளம்தான், தண்ணீர் மட்டும் பாதி. எல்லாரையும் சில முறை ஊற்றச் சொல்லி, சராசரி எடுத்து, எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும் எழுதிக்கொண்டேன். கங்காணி வந்து என்ன விளையாட்டு இது என்று கேட்கும்வரை நடந்தது.

பிறகு மழை வந்தது, அட்டைகள் வந்தன. ஓர் உணரியில் நீர் புகுந்தது. மிச்ச வாரங்கள் முழுவதும், நிமிர்ந்த செடிகள் எவ்வளவு மீள்கின்றன என்று அளந்தேன்.

பேச்சு நாளில் எனக்கு முன் பேசியவர் படங்களை ஓடவிட்டார், அரங்கு கைதட்டியது. என் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் நீண்ட கோடுகள். அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதைக் காட்டுபவை. குழுவில் இருந்த ஓர் அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: செடிகள் முழுதாகத் துவள்வதற்கு முன்பே, அந்த ஒரு நாளில் ஏன் தண்ணீர் விட்டீர்கள்?

"அன்றைக்கு ஈஸ்டர், மேடம்" என்றேன்.

அரங்கு சிரித்தது. நான் சிரிக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாட்டில், டிரம், தூக்குச்சட்டி, ஜெபம். அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள் என்று கேட்டார். எதெல்லாம் தண்ணீர் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன் என்றேன். மறுபடி சிரிப்பு. அவர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முடிவு ஜூன் கடைசியில் மின்னஞ்சலில் வந்தது. அழைக்கப்பட்டவர்களில் நான் இல்லை. காத்திருப்போரில் இரண்டாவதாக இருந்தேன். அப்பா எதை வேண்டாம் என்றாரோ, சரியாக அந்த இடம்.

ஜூலை முதல் திங்கள் நெருங்கியது. சுடிதார்கள் பெட்டியில் மடித்து இருந்தன. சனிக்கிழமை காலை தோப்பில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றேன்.

"நான் கம்பெனிக்குப் போகலீங்ப்பா."

"கூப்புட்டுட்டாங்களா?"

"இல்லீங்ப்பா. கூப்புடலாம். கூப்புடாமயும் போலாம்."

அவர் மோட்டாரை நிறுத்தினார். "வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டியா?"

"போட்டுட்டனுங்க."

கொஞ்ச நேரம் குழாயிலிருந்து சொட்டுவதையே பார்த்தார். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லிரு. என்னைய இழுக்காத" என்று மறுபடி மோட்டாரைப் போட்டார்.

அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான் தென்னை மட்டை இழுத்தேன், ரேஷன் கடைக்குப் போனேன், காலையும் மாலையும் மின்னஞ்சலைப் பார்த்தேன். முன்னால் இருந்தவர்களில் யாரோ விலகியிருக்க வேண்டும். ஜூலை பாதியில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. குதிக்கத் தோன்றவில்லை. குளித்துவிட்டு வந்து மறுபடி ஒருமுறை படித்தேன்.

அக்காவுக்குச் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். பின்னால் மழைச்சத்தம், பெண்களின் பேச்சு.

"கூப்புட்டுட்டாங்க்கா."

"ஏட்டி, பாஸாம்!" என்று அவர் கத்துவது கேட்டது.

"இன்னும் பாஸ் இல்லீங்க்கா. நேர்ல கேள்வி கேப்பாங்க. அதுல தேறோணும். அப்பறம் சேந்தா அஞ்சாறு வருசம்."

"இன்னொரு பரீட்சையா? ஒனக்கு இது எப்பதான் முடியும் புள்ள?"

"தெரியலீங்க்கா."

"சரி, வெசனப்படாத. தீர்த்தம் இன்னும் அரைப் பாட்டில் கெடக்கு. குமுளி பஸ்ல ஆரு கையிலயாவது குடுத்து விடவா?"

வேண்டாம் என்று சொல்லக் காரணங்கள் வரிசையாக வந்தன.

"குடுத்து விடுங்க்கா" என்றேன்.