ஜோசஃபினின் யுகுலேலேவுக்கு ஒரு பட்டை

கேட்காமல் காரியம் செய்கிற ஆம்பளையோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும் ஜோசஃபினின் கோபம். அவள் புருஷன் மைக்கேல்ராஜுக்கு பெங்களூர் அடுகோடியில் இரும்புப் பட்டறை. சமையலறை அலமாரியைத் தன் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்துவைத்தான். அன்றிலிருந்து மிளகாய்த்தூள் எடுக்க அவள் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். மகனை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்பதையும் முடிவு செய்துவிட்டுத்தான் வந்து சொன்னான். எல்லாம் அவள் நல்லதுக்காம்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு யுகுலேலே. நாலு தந்தி போட்ட குட்டி கிடார். நர்சரி டீச்சர் சம்பளத்தில் வாங்கியது. பிள்ளைகள் நடுவே நின்று வாசிக்க அதற்கு ஒரு பட்டை வேண்டும். திருகாணி போட்டு மாட்டினால் உறுதி, ஆனால் மரத்தில் ஓட்டை விழும். கழுத்தில் போட்டு, அடிவழியாகக் கொண்டுவந்து, நடுத்துளை விளிம்பில் கொக்கி மாட்டும் பட்டைக்கு ஓட்டையே வேண்டாம். கையை விட்டால்தான் கவிழும்.

"நான் பிடிச்சுக்கறேன். ஓட்டை மட்டும் வேணாங்க," என்று சொல்லியிருந்தாள். அவனும் தலையாட்டினான்.

ரெண்டாயிரத்து நாலு ஆயுதபூஜை வந்தது. அன்றைக்குப் பட்டறையில் எதுவும் அரைகுறையாகக் கிடக்கக் கூடாது என்பதில் கூட்டாளி கோவிந்தப்பா கண்டிப்பு. சர்ச்சுக்குப் போகிற மைக்கேல்ராஜும் அதில் கறார்தான். பட்டையில்லாத யுகுலேலேவும் அவன் கண்ணுக்கு அரைகுறை. அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் அது பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தது. மேலே சந்தனம், குங்குமம். முதுகில் ஒரு பட்டை, அதை மாட்ட டிரில் போட்டு இறக்கிய போல்ட்டு, மெஷினுக்குப் போடுகிற மாதிரி நட்டு, வாஷர். அந்த மெல்லிய பலகை தாங்குமா? விளிம்புவரை விரிசல். தந்தியைத் தட்டினாள், உள்ளே நட்டு கிர்ரென்று அதிர்ந்தது.

"யானையைக் கட்டினாலும் கழலாது, ஜோசி. கோவிந்தப்பாவே சக்கத்தாகிதே, பிரமாதமா இருக்குன்னு கன்னடத்துல சொல்லிட்டார்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன சொன்னேன்?"

"உனக்காகத்தானே செஞ்சேன்?"

"எனக்காக, எனக்காகன்னு எல்லாத்தையும் நீங்களே முடிச்சுடறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? எனக்குன்னு இருந்தது இது ஒண்ணு. அதையும் பட்டறைச் சாமானாக்கிட்டீங்க. கழட்டுங்க."

கழற்றினான். விரிசல் இன்னும் கொஞ்சம் வாயைப் பிளந்தது. பசை டியூபை எடுத்துவந்து மூடியைத் திறந்தவன், அப்படியே நின்றான்.

"எங்க தடவட்டும், ஜோசி?"

கல்யாணமான நாளாய் அவன் அவளைக் கேட்டுச் செய்ய வந்தது இதுதான் முதல் தடவை. இதைக் காலையில் கேட்டிருக்கக் கூடாதா என்று அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பசையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.